முடிச்சில்லாத துணி

இரண்டு ஊசிகளால் பின்னிய துணியில் முடிச்சு கிடையாது. இதை அறிந்த நாளிலிருந்து மனதில் ஓர் உறுத்தல் தங்கிவிட்டது. ஸ்வெட்டரோ, குல்லாவோ, காலுறையோ, கைக்குழந்தைக்குப் போர்த்தும் சால்வையோ, எதுவானாலும் தொடக்கத்தில் நூலை ஊசியில் மாட்டுவதற்குப் போடும் ஒரு சுருக்கைத் தவிர மற்ற எல்லாம் நூலின் வளைவுகள்தான். அந்தச் சுருக்கும் இழுத்தால் அவிழ்ந்துவிடும் சுருக்குதான். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி, அதற்குள் அடுத்தது, இப்படியே கழுத்து வரை. கடைசிக் கண்ணிக்குள் நூலின் முனையை நுழைத்து இழுத்தால் அத்தனையும் நின்றுவிடுகிறது. அந்த முனையைத் திரும்ப வெளியே எடுத்து இழுத்தால் அத்தனையும் வந்துவிடுகிறது. சரம் தொடுக்கும் பெண்கள் இரண்டிரண்டு பூவாக வைத்து, ஒவ்வொரு வைப்புக்கும் நாரைச் சுற்றி ஒரு சுருக்குப் போட்டு இறுக்குகிறார்கள். அதனால்தான் ஒரு முழம், அரை முழம் என்று எந்த இடத்தில் வெட்டிக் கொடுத்தாலும் பூ உதிர்வதில்லை. பின்னலுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அதில் எந்தக் கண்ணியும் தன்னைத் தானே காத்துக்கொள்வதில்லை. தனக்கு மேலே இருக்கும் கண்ணியை நம்பி நிற்கிறது, அதுவோ தனக்கு மேலே இருப்பதை நம்புகிறது. இவ்வளவு நம்பிக்கையில் நிற்கும் ஒன்று எப்படி இத்தனை காலம் உழைக்கிறது, எப்படி இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிறது, எப்படி முழங்கையையும் குதிகாலையும் இவ்வளவு பாந்தமாகப் பிடித்துக்கொள்கிறது என்ற கேள்வி என்னை விடவில்லை.

ஒரு கண்ணியை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இடக்கை ஊசியில் கண்ணிகள் வரிசையாக நிற்கின்றன. நூல் பின்பக்கம், வலக்கைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று, ஆள்காட்டி விரலின் மேலாக ஒரு ஓட்டம். அந்த விரலின் இறுக்கமும் தளர்வும்தான் துணியின் இறுக்கமும் தளர்வும். வலக்கை ஊசியின் முனை முதல் கண்ணிக்குள் இடப்பக்கத்திலிருந்து நுழைந்து பின்னால் எட்டிப் பார்க்கிறது. அந்த முனையின் மேல் நூல் ஒருமுறை சுற்றப்படுகிறது. சுற்றிய நூலை ஊசி மெல்லப் பழைய கண்ணியின் வழியே முன்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. புதுக் கண்ணி வலக்கை ஊசியில் உட்கார்ந்த பிறகு, பழையதை இடக்கை ஊசியிலிருந்து நழுவ விட வேண்டும். நுழை, சுற்று, இழு, விடு. கைப்பின்னலின் பாலபாடம் இவ்வளவுதான். ஸ்வெட்டர் என்பது இதையே பல்லாயிரம் முறை செய்வது. முதலில் பழகுகிறவர்களுக்கு நான்காவதுதான் கை வராது. விட்டால் போய்விடுமோ என்ற பயத்தில் கண்ணியை ஊசியின் மேலேயே இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். நூல் நெருக்கப்பட்டு, அடுத்த வரிசையில் ஊசி உள்ளே நுழைய இடம் இருக்காது. விட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது, பழைய கண்ணி எங்கும் போகவில்லை என்பது. அதன் வயிற்றுக்குள் புதுக் கண்ணி நிற்கிறது. அது புதியதின் காலடியில் வளையமாகச் சுற்றிக்கொண்டு அமைதியாகிவிடுகிறது. சென்னை வெயிலில் கம்பளி நூல் வேர்த்த விரலில் ஒட்டிக்கொண்டு ஓட மறுக்கும். அக்ரிலிக் நூல் அலுமினிய ஊசியில் கிறீச்சிடும். பருத்தி நூல் வழுக்கிக்கொண்டு போகும். மூங்கில் ஊசி கண்ணியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்பதால் புதியவர்களுக்கு அதுவே தோது. நான்கு மில்லிமீட்டர் ஊசி, பிரியாத முறுக்குள்ள வெளிர் நிற நூல் என்று தொடங்குவது நல்லது. கறுப்பு நூலில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது.

நிட் என்றும் பர்ல் என்றும் இரண்டு வகைப் பின்னல் இருப்பதாகத்தான் எல்லாப் பாடமும் தொடங்கும். உண்மையில் இருப்பது ஒன்றுதான். மேலே பார்த்தது நிட். நூலை முன்பக்கம் வைத்து, ஊசியை வலமிருந்து இடமாக நுழைத்து, கண்ணியைப் பின்பக்கமாகத் தள்ளினால் பர்ல். அது நிட்டின் முதுகு. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அம்புமுனைகள், மறுபக்கம் பார்த்தால் சின்னச் சின்ன மேடுகள். எல்லா வரிசையையும் நிட்டாகவே திரும்பித் திரும்பிப் பின்னினால் இரண்டு பக்கமும் வரப்புகளாக எழும்பி, துணி தட்டையாகப் படிந்து கிடக்கும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று போனால் முன்பக்கம் வழவழப்பாக வரும், ஆனால் ஓரங்கள் சுருண்டுகொள்ளும். பக்கவாட்டு ஓரம் பின்னோக்கியும், மேலும் கீழும் முன்னோக்கியும். இரண்டையும் ஒரே வரிசையில் மாற்றி மாற்றி, நிட்டின் மேல் நிட், பர்லின் மேல் பர்ல் என்று நெடுக அடுக்கினால் ரிப் கிடைக்கிறது. மணிக்கட்டிலும் இடுப்பிலும் கழுத்திலும் கவ்விப் பிடிக்கும் பட்டை அது. நூல் நீளாது, ஆனால் துணி நீளும். நெய்த துணியில் நூல் கிட்டத்தட்ட நேர்கோட்டில் கிடக்கிறது, இழுத்தால் அது போக இடம் இல்லை. பின்னலில் நூல் முழுக்க வளைந்து கிடக்கிறது. இழுத்தால் வளைவின் உயரம் அகலமாக மாறும், விட்டால் அகலம் உயரமாகத் திரும்பும். ஒரு கண்ணி தன் நூலைப் பக்கத்துக் கண்ணிக்குக் கடன் கொடுக்கிறது. முடிச்சு இருந்திருந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்காது. முடிச்சின்மைதான் இந்தத் துணியின் ஆபத்து, அதுவேதான் அதன் உயிர்ப்பு என்று தோன்றத் தொடங்கியது இந்த இடத்தில்தான். வட்டமாகப் பின்னினால் வழவழப்பான பக்கத்துக்குப் பர்ல் தேவையே இல்லை; சுற்றிக்கொண்டே போகலாம். மாஸ்டர் பெர்ட்ராம் 1400-ஐ ஒட்டி வரைந்த புக்ஸ்டஹூட பலிபீட ஓவியத்தில் மரியாள் குழந்தையின் சட்டையைப் பல ஊசிகளில் வட்டமாகத்தான் பின்னிக்கொண்டிருக்கிறாள். பர்லுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, 1562-இல் இறந்த டோலிடோவின் எலெனோராவோடு புதைக்கப்பட்ட சிவப்புப் பட்டுக் காலுறைகள்.

ஆனால் ஆபத்து ஆபத்துதான், அதை அழகான வார்த்தைகளால் மூடிவிட முடியாது. ஒற்றைக் கொக்கியால் குரோஷா பின்னுகிறவர்களிடம் எந்த நேரத்திலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். கொக்கியை உருவிவிட்டு எழுந்து போனாலும் அதிகச் சேதமில்லை. இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசை முழுவதும், நூறோ இருநூறோ, எல்லாக் கண்ணியும் ஒரே சமயத்தில் வாய் திறந்து நிற்கும். ஊசி ஒன்றுதான் அவற்றுக்குக் கூரை. ஒரு கண்ணி நழுவினால் அதற்குக் கீழே இருந்தது பிடிமானம் இழக்கும், பிறகு அதற்குக் கீழே இருந்தது. துணியில் நெடுக ஓர் ஏணி விழும். பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் காட்சி அது. அந்த ஏணியைச் சற்றே நிதானமாகப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று புரியும்: ஒவ்வொரு வரிசையும் தன் பங்கு நூலை ஒரு படியாக அங்கேயே விட்டு வைத்திருக்கிறது. எதுவும் அறுந்து போகவில்லை, தொலைந்து போகவில்லை. குரோஷா கொக்கி ஒன்றை எடுத்து, நழுவிய கண்ணியை அதில் மாட்டி, அதற்கு மேலே இருக்கும் முதல் படியைக் கொக்கியில் பிடித்துக் கண்ணியின் வழியே இழுக்க வேண்டும். அது புதுக் கண்ணி. அடுத்த படி, அடுத்த கண்ணி. ஏணியில் ஏறி வருவதைப்போல மேலே வந்து ஊசியில் ஏற்றிவிட்டால் விழுந்த தடம் கொஞ்சம் தளர்வாகத் தெரியும். ஒரு துவைப்பில் அதுவும் அக்கம்பக்கத்துக் கண்ணிகளோடு சமமாகிவிடும். இப்படி ஏற்றத் தெரிந்த கைக்குத்தான் பயமின்றிப் பின்ன வருகிறது. தெரியாத கை ஒவ்வொரு கண்ணியையும் சந்தேகத்தோடு இறுக்கிக்கொண்டே இருக்கும், துணி அட்டையைப் போல விறைத்துப் போகும்.

எதையும் பின்னுவதற்கு முன் ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பார்க்க வேண்டும் என்று தேர்ந்தவர்கள் விடாமல் சொல்வதை நான் வெறும் கணக்காகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். கணக்கும் உண்டுதான். 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வரும் என்று எழுதியிருக்கும் மாதிரியில் உங்கள் கை 20 கண்ணிதான் தருகிறது என்றால், 200 கண்ணியில் 91 சென்டிமீட்டர் வர வேண்டிய மார்புச் சுற்று 100 சென்டிமீட்டராகிவிடும். நூலும் ஊசியும் ஒன்றாக இருந்தாலும் கை வேறு. ஒருவருடைய இறுக்கம் இன்னொருவருக்கு வராது. அதனால் துண்டைப் பின்னி, நனைத்துக் காயவைத்து, தட்டையாக வைத்து அளக்க வேண்டும். அளந்த பிறகு அந்தத் துண்டுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் எனக்கு இப்போது அக்கறை. நூல் போதாத வீடுகளில் அதைப் பிரித்துவிடுவார்கள்; அந்த நூலே ஸ்வெட்டரின் கடைசி வரிசையில் போய்ச் சேரும். பின்னுகிறவர் முதலில் பின்னும் பொருளே பிரிப்பதற்காகப் பின்னப்படுகிறது. நெய்த துணிக்கோ தைத்த துணிக்கோ இது சாத்தியமில்லை. தறியிலிருந்து இறக்கியதைத் திரும்பப் பாவாகவும் ஊடையாகவும் ஆக்க யாரும் முயல்வதில்லை. வெட்டித் தைத்ததை வெட்டாததாக்க முடியாது.

பின்னலின் வரலாற்றைத் தேடிப் போனபோது இந்த உறுத்தலுக்கு ஒரு பதில் எகிப்தில் கிடைத்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு ஜோடிச் சிவப்புக் கம்பளிக் காலுறை இருக்கிறது; செருப்பின் வார் நுழையக் கட்டைவிரல் தனியாகப் பிரித்தது. கி.பி. 250-க்கும் 420-க்கும் இடைப்பட்டது, எகிப்தின் பஹ்னாசாவில் கிடைத்தது. பார்த்தால் கைப்பின்னல் என்றே சொல்லத் தோன்றும். ஆனால் அது காதுள்ள ஒற்றை ஊசியால் செய்தது. அந்த முறையில் ஒவ்வொரு கண்ணியின் வழியாகவும் நூலை அதன் முழு நீளத்துக்கும் இழுத்து வெளியே எடுத்தாக வேண்டும். அப்படி எடுத்த கண்ணி அவிழாது. நடுவில் கிழிந்தாலும் ஏணி விழாது. அதற்குக் கொடுத்த விலை, கைக்கு எட்டும் நீளத்துக்கு மேல் நூலை வைத்துக்கொள்ள முடியாது என்பது. துண்டு துண்டாக நூலை ஒட்டு வைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் முழு நீளத்தையும் இழுத்து இழுத்துப் போக வேண்டும். பிறகு, 11-ஆம் நூற்றாண்டுக்கும் 14-ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், அதே எகிப்தில் இன்னொரு வகைக் காலுறை தென்படுகிறது. வெள்ளையும் நீலமுமாகப் பருத்தி நூலில் பின்னியவை. பின்னல் பனிநாட்டுக் கம்பளியில்தான் பிறந்திருக்கும் என்ற நம் எண்ணத்தை இவை ஆட்டிவிடுகின்றன. இவை உண்மையான பின்னல். இங்கே நூலின் முழு நீளமும் கண்ணிக்குள் போவதில்லை. ஒரு வளைவு மட்டும் உள்ளே இழுக்கப்படுகிறது, மீதி நூல் உருண்டையிலேயே கிடக்கிறது. உருண்டை எவ்வளவு பெரிதானாலும் கவலையில்லை. முழு நீளம் போகாததால்தான் அது எளிதில் திரும்பி வந்துவிடுகிறது. எல்லையில்லாத நூலும் அவிழும் குணமும் தனித்தனியாக வந்தவை அல்ல. முதலாவதை வாங்கியவர்கள் இரண்டாவதையும் சேர்த்தே வாங்கினார்கள். அந்த மாற்றத்தைச் செய்த கைகளின் பெயர் நமக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் பாதுகாப்பான ஒரு முறையை அறிந்திருந்த உலகம், பாதுகாப்புக் குறைந்த ஒன்றைத் தேர்ந்துகொண்டது என்பதை நான் பெரிய துணிச்சலாகவே மதிக்கிறேன்.

அந்தத் துணிச்சலின் மேல்தான் பிற்பாடு எந்திரமும் ஏறி உட்கார்ந்தது. ஒரு வளைவை மட்டும் இழுத்தால் போதும் என்பதால்தான், நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்துக் கால்வெர்டனில் இருந்த வில்லியம் லீ என்ற பாதிரியார் 1589-இல் ஒரு வரிசைக் கண்ணிகளை ஒரே இழுப்பில் உண்டாக்கும் சட்டகத்தைச் செய்ய முடிந்தது. எலிசபெத் அரசி அதற்குக் காப்புரிமை தரவில்லை. லீ பிரான்ஸுக்குப் போய் ரூவானில் தொழில் நடத்தினார். இரண்டு நூற்றாண்டு கழித்து, 1811-இல் அதே நாட்டிங்ஹாம் பகுதியில் பின்னல் தொழிலாளர்கள் சட்டகங்களை உடைத்தபோது அவர்களுடைய குறைகளில் ஒன்று, அகலமான துணியைப் பின்னி, கத்தரியால் வெட்டி, காலுறையாகத் தைத்து விற்கிறார்கள் என்பது. கண்ணியைக் கூட்டியும் குறைத்தும் காலின் உருவத்துக்கே பின்னிப் பழகிய கைகளுக்கு, வெட்டிய ஓரம் பிரிந்துபோகும் மட்டமான சரக்கு அது. தொழிலின் பெயரையும் கூலியையும் சேர்த்துக் கெடுப்பது. இன்று திருப்பூரில் 30 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 ஊசியும் கொண்ட ஒரு வட்ட எந்திரத்தில் 2,200-க்கும் மேற்பட்ட ஊசிகள் சுற்றிச் சுற்றி அதே கண்ணியைத்தான் போடுகின்றன. குழாயாக இறங்கும் துணியை வெட்டி, ஓவர்லாக் அடித்து, பனியனாக்குகிறார்கள். நெஞ்சோடு ஒட்டி நாம் தினமும் உடுத்துவது நிட்டும் அதன் முதுகும்தான். பனியனை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோனால் அந்த அம்புமுனைகள் தெரியும், உள்பக்கம் திருப்பினால் மேடுகள். ஓர் ஊசி பழுதானாலும் துணியில் நெடுக ஒரு கோடு விழுந்துவிடும். தொழிலில் இருப்பவர்கள் அதை நீடில் லைன் என்பார்கள். இவ்வளவு பனியன் உடுத்தும் ஊரில், அந்தக் கண்ணி எப்படி நிற்கிறது என்று கையால் அறிந்தவர்கள் இவ்வளவு குறைவாக இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவிழ்வதைப் பற்றிய என் எண்ணமும் முழுக்கச் சரியில்லை என்று காட்டும் சான்றுகள் உண்டு. ஷெட்லாண்ட் தீவுகளில் ஸ்வெட்டரை ஒரு குழாயாகவே பின்னிக்கொண்டு போய், கடைசியில் கை வைக்கும் இடத்தையும் முன்திறப்பையும் கத்தரியால் நெடுக வெட்டுகிறார்கள். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு மூச்சு நின்றுவிடும். துணி பிரிவதில்லை. ஏணி கண்ணிகளின் நெட்டு வரிசையில்தான் ஓடும், பக்கவாட்டில் ஓடாது. நெடுக வெட்டும்போது அறுபடுவது படிகள்தான். போதாததற்கு அந்த ஆட்டுக் கம்பளியின் இழைகளில் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன, ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. வெட்டிய பீட் கரி நிறைந்த கூடையை முதுகில் சுமந்துகொண்டு, இடுப்பில் கட்டிய தோல்பட்டையின் துளையில் ஊசியைச் செருகி, நடந்துகொண்டே பின்னிய பெண்களின் ஊர் அது. கண்ணி எங்கே ஓடும், எங்கே ஓடாது என்பது அவர்களுக்குக் கைப்பாடம். அயர்லாந்தின் அரன் தீவுகளைப் பற்றி ஒரு கதை உலவுகிறது: குடும்பத்துக்கு ஒரு பின்னல் வடிவம் இருந்ததாகவும், கடலில் இறந்தவர்களை அதை வைத்து அடையாளம் கண்டதாகவும். அதற்கு ஆதாரம் இல்லை; அந்த ஸ்வெட்டர் வடிவமே 20-ஆம் நூற்றாண்டில்தான் உருவானது. கதையின் வேர் ஜே.எம். சிங் எழுதி 1904-இல் மேடையேறிய ஒரு நாடகத்தில் இருக்கிறது என்பார்கள். அதில் தங்கை தன் அண்ணனின் காலுறையை வடிவத்தை வைத்து அறியவில்லை. தான் ஏற்றிய கண்ணி 60, நழுவவிட்டது 4 என்ற கணக்கை வைத்து அறிகிறாள். குடும்ப முத்திரை என்ற கதையைவிட இது எனக்கு நெருக்கமாக இருக்கிறது. தன் கையில் எது நழுவியது என்பதை ஒரு பின்னல்காரி ஞாபகம் வைத்திருப்பாள் என்பதை அந்த நாடகக்காரர் கவனித்திருக்கிறார்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூனில் துணிக்குப் பங்கீடு வந்தது, பின்னல் கம்பளிக்கும் கூப்பன் கேட்டார்கள். பழைய ஸ்வெட்டரைப் பிரித்துப் பிள்ளைகளுக்குப் புதிதாகப் பின்னுவது வீட்டு வேலைகளில் ஒன்றாயிற்று. பிரித்த நூல் நேராக வராது. ஒவ்வொரு கண்ணியின் வளைவும் அதில் சுருள் சுருளாகப் பதிந்திருக்கும். எத்தனை காலம் உடுத்தினார்களோ அவ்வளவு ஆழமாக. அதை நாற்காலியின் முதுகில் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அடியில் ஒரு பாரம் தொங்கவிட்டுக் காயப்போட வேண்டும். சொட்டச் சொட்ட நனைந்த கம்பளியின் ஆட்டு வாடை அறை முழுவதும் நிறைந்திருக்கும். காய்ந்து இறங்கும்போது சுருள் பெரும்பாலும் நிமிர்ந்திருக்கும். முழங்கையில் தேய்ந்து போன பகுதி மட்டும் மெலிந்து இருக்கும், அதை அறுத்துவிட்டு முனைகளைச் சேர்க்க வேண்டியதுதான். அங்கேயும் முடிச்சுப் போடாமல், இரண்டு முனைகளையும் துணியின் முதுகில் கண்ணிகளுக்கிடையே நுழைத்து மறைப்பதுதான் நல்ல வேலை. முடிச்சு உறுத்தும், காலப்போக்கில் முன்பக்கம் துருத்தும். முடிச்சின்மை என்னை உறுத்தியது. பின்னுகிறவர்களை உறுத்துவதோ முடிச்சு.

இதையெல்லாம் சுற்றி வந்த பிறகு, நாம் எந்தக் கைவேலையையும் கற்றுக்கொடுக்கும் முறையில்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. போடுவதை மட்டும் காட்டுகிறோம், எடுப்பதைக் காட்டுவதில்லை. பிரித்தால் வீண் என்று குழந்தைக்குச் சொல்லிச் சொல்லி, முதல் வரிசையிலிருந்தே பயத்தையும் சேர்த்துப் பின்னவைக்கிறோம். பின்னலில் அது முற்றிலும் தவறான பாடம். இங்கே பிரிப்பது வேலையின் பாதி. ஆகவே கற்றுக்கொடுக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முதலில் 20 கண்ணி ஏற்றச் சொல்லுங்கள். 10 வரிசை நிட் மட்டும் பின்னச் சொல்லுங்கள். பிறகு ஊசியை மொத்தமாக உருவச் சொல்லுங்கள்; கண்ணிகள் அப்படியே நின்றுகொண்டிருப்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். நூலை இழுத்து 5 வரிசை பிரிக்கட்டும். திறந்து நிற்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஊசியில் ஏற்றட்டும், கண்ணியின் வலக்கால் ஊசிக்கு முன்பக்கம் இருக்கும்படி. இடக்கால் முன்னால் வந்தால் அடுத்த வரிசையில் அந்தக் கண்ணி முறுக்கிக்கொள்ளும். இது கைக்குப் பழகிய பிறகு பர்ல் சொல்லிக்கொடுங்கள், ரிப் சொல்லிக்கொடுங்கள். ஸ்வெட்டர் அதற்குப் பிறகு வரட்டும்.